ஊராட்சி இல்லாத ஊரின் குரல்

   

தெருவிளக்கு எரியவில்லை. யாரிடம் போவீர்கள்? ஊராட்சித் தலைவரிடம் போவீர்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. யாரிடம் கேட்பீர்கள்? வார்டு உறுப்பினரிடம் கேட்பீர்கள். அவர்கள் காது கொடுக்கவில்லை என்றால், கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம்.

இப்போது ஓர் ஊரை நினைத்துப் பாருங்கள். அந்த ஊருக்குத் தலைவர் இல்லை. வார்டு உறுப்பினர் இல்லை. ஊராட்சியும் இல்லை, நகராட்சியும் இல்லை. ஆனால் அங்கே 22 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் சாலை வேண்டும். தண்ணீர் வேண்டும். வெள்ளம் வந்தால் பாதுகாப்பு வேண்டும். அவர்கள் யாரிடம் போவார்கள்?

இது கட்டுக்கதை அல்ல. அமெரிக்காவில் உண்மையாகவே இருக்கும் ஊர். அதன் பெயர் கிரீன் வேலி. பசுமைப் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். அந்த ஊர் மக்கள் தங்கள் குரலைக் கேட்க வைக்க ஒரு வழி கண்டார்கள். அந்த வழியைப் பற்றியதே இன்றைய பேச்சு.

ஊர் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று அரிசோனா. அது தென்மேற்கில் இருக்கிறது. அதற்குத் தெற்கே மெக்சிகோ நாடு. அரிசோனாவின் பெரும்பகுதி வறண்ட பூமி. அங்கே மரம்போல் உயர்ந்து வளரும் கள்ளிச் செடிகளைப் பார்க்கலாம்.

அரிசோனாவில் டூசான் என்று ஒரு பெரிய நகரம் உண்டு. அதற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கிரீன் வேலி இருக்கிறது. அமெரிக்காவில் சாலைத் தூரத்தை மைல் கணக்கில்தான் எழுதுவார்கள். ஆனால் டூசானிலிருந்து மெக்சிகோ எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலையில் மட்டும் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதியிருக்கிறார்கள். கிரீன் வேலி அந்தச் சாலையின் ஓரத்தில்தான் உள்ளது.

இது பழைய ஊர் அல்ல. 1960-களில் எழுந்த ஊர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்து வாழ்வதற்காகவே வீடுகளைக் கட்டி விற்றார்கள். குளிர் மிகுந்த வட மாநிலங்களிலிருந்து முதியவர்கள் வந்து சேர்ந்தார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே 22,616 பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஊரின் பல பகுதிகளில், வீட்டில் ஒருவராவது 55 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்பது விதி.

ஆக, இது முதியோர் ஊர். முதியவருக்கு ஆம்புலன்ஸ் சரியான நேரத்தில் வர வேண்டும். சாலையைக் கடக்க நேரம் வேண்டும். குடிநீர் சுத்தமாக இருக்க வேண்டும். நிர்வாகம் சரியாக நடக்காவிட்டால் முதலில் துன்பப்படுவது இவர்கள்தான்.

தலைவர் ஏன் இல்லை?

நம் நாட்டில் கிராமம் என்றால் ஊராட்சி உண்டு. நகரம் என்றால் நகராட்சி உண்டு. அமெரிக்காவில் எல்லா ஊருக்கும் அப்படி அமைவதில்லை. ஓர் ஊர் மக்கள் விரும்பினால்தான் அது நகராட்சி ஆகும். அதற்கு அவர்கள் மாநிலச் சட்டப்படி கேட்க வேண்டும். நகராட்சி ஆனால் ஊருக்கு ஒரு மேயர் வருவார். மன்றம் வரும். ஊரே தனக்கு விதி செய்து கொள்ளலாம். வரியும் போடலாம்.

நகராட்சி ஆகாத ஊரை யார் நிர்வாகம் செய்வார்கள்? கவுண்டி செய்யும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. அரிசோனாவில் 15 கவுண்டிகள் உள்ளன. கிரீன் வேலி இருப்பது பீமா கவுண்டியில். அங்கே 10 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நகராட்சி இல்லாத பகுதிகளில் வாழ்கிறார்கள்.

பீமா கவுண்டியை ஒரு மன்றம் நடத்துகிறது. அதில் ஐந்து உறுப்பினர்கள். மக்கள்தான் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 10 லட்சம் பேருக்கு ஐந்தே பேர். அலுவலகம் டூசான் நகரத்தில். அத்தனை கூட்டத்தில் கிரீன் வேலியில் ஒரு தெருவின் குறை எப்படிக் காதில் விழும்?

பக்கத்து ஊர் சகுவாரிட்டா. அது 1994-ஆம் ஆண்டில் தனி ஊராட்சி பெற்றுக்கொண்டது. கிரீன் வேலி பெறவில்லை. ஏன்?

ஊராட்சி வேண்டாம் என்பவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். "ஓய்வூதியத்தில் வாழ்கிறோம். இன்னொரு நிர்வாகம் வந்தால் இன்னொரு வரி வரும்" என்பார்கள். வேண்டும் என்பவர்களும் காரணம் சொல்வார்கள். "நம் ஊர் முடிவை நாமே எடுக்கலாம். மாநில அரசு நகராட்சிகளுக்குத் தன் வருமான வரியில் பங்கு தருகிறது. நமக்கு அந்தப் பங்கு கிடைக்காமல் போகிறது" என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

எத்தனை கதவுகள்!

ஊராட்சி இல்லை என்பதால் வேலை எதுவும் நடக்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு கதவைத் தட்ட வேண்டும்.

பொதுச் சாலை கவுண்டியின் பொறுப்பு. காவல் வேலையைச் செய்வது கவுண்டியின் ஷெரிப். அவரும் மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. தீயணைப்புக்குத் தனி அமைப்பு உண்டு. அதற்குத் தனி நிர்வாகக் குழு உண்டு. தனி வரியும் உண்டு. தண்ணீர் தருவது வேறு அமைப்புகள். நெடுஞ்சாலை மாநிலத்தின் கையில். சுரங்கக் கழிவு பற்றிய புகார் என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் துறை.

ஊருக்கு மேற்கே பெரிய செம்புச் சுரங்கங்கள் உள்ளன. அங்கே ஒரு சுரங்கத்தின் கழிவு மேட்டிலிருந்து சல்பேட் என்னும் உப்பு நிலத்தடி நீரில் கலந்தது. 2006-ஆம் ஆண்டில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அதைச் சரிசெய்ய ஆணை ஒன்றைப் போட்டது. குடிக்கும் தண்ணீர் பற்றிய செய்தி அது. ஆனால் அது கவுண்டி அலுவலகத்தில் தீரும் காரியம் அல்ல. இப்படி எந்தக் குறைக்கு எந்தக் கதவு என்று தெரிந்து கொள்வதே பெரிய வேலை. எண்பது வயதுப் பாட்டிக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டுக்காரர் சங்கம்

கிரீன் வேலியில் வீடுகளைப் பகுதி பகுதியாகக் கட்டினார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சங்கம் வைத்தார்கள். அது வீட்டுக்காரர் சங்கம். அந்தப் பகுதியில் வீடு வாங்குபவர் தானாகவே சங்க உறுப்பினர் ஆகிவிடுவார். சேர மாட்டேன் என்று சொல்ல முடியாது. வீட்டுப் பத்திரத்தோடு சங்க விதிகளும் சேர்ந்தே வரும்.

உறுப்பினர்கள் சந்தா கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் சங்கம் பொது இடத்தைப் பராமரிக்கும். பகுதிக்குச் சொந்தமான சாலையைச் செப்பனிடும். வீட்டுக்கு எந்த வண்ணம் பூசலாம், எங்கே சுவர் எழுப்பலாம் என்றும் விதி சொல்லும்.

சங்கத்தை நடத்த ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது உறுப்பினர் கூட்டம் நடத்த வேண்டும். நிர்வாகக் குழு கூடுவதற்கு 48 மணி நேரம் முன்பே உறுப்பினர்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். அந்தக் கூட்டத்தில் உறுப்பினர்கள் உட்கார்ந்து கேட்கலாம். பேசலாம். இவை அரிசோனா மாநிலச் சட்டம் தரும் உரிமைகள்.

ஆனால் சங்கத்தின் கை தன் எல்லைக்குள்தான் நீளும். எல்லைக்கு வெளியே ஓடும் சாலை, ஊர் முழுவதையும் பாதிக்கும் கட்டடம், பல பகுதிகளைக் கடந்து வரும் வெள்ளம், இவற்றுக்கு ஒரு சங்கம் மட்டும் என்ன செய்யும்? ஒரு சிறு சங்கம் டூசானுக்குக் கடிதம் எழுதினால் அது பத்தோடு பதினொன்றாகப் போய்விடும்.

சங்கங்களின் பேரவை

இதை உணர்ந்தவர்கள் 1970-களில் ஒன்றுகூடினார்கள். சங்கங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பேரவையை அமைத்தார்கள். இன்று அதன் பெயர் கிரீன் வேலி கவுன்சில்.

இது அரசு அமைப்பு அல்ல. வரி போட முடியாது. சட்டம் செய்ய முடியாது. யாருக்கும் அபராதம் விதிக்க முடியாது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். சம்பளம் இல்லை. ஆசிரியராக, பொறியாளராக, கணக்கராக, செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இதில் நிறைய வேலை உண்டு.

சேர்ந்துள்ள ஒவ்வொரு சங்கமும் தன் பிரதிநிதியை அனுப்புகிறது. பேரவையின் செலவுக்குச் சங்கங்கள் பணம் தருகின்றன. பிரதிநிதிகள் கூடிப் பேசுகிறார்கள். வேலையைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்துக் கொள்கிறார்கள். கட்டடத் திட்டங்களைப் பார்க்க ஒரு குழு. போக்குவரத்தையும் ஓடைகளையும் பார்க்க ஒரு குழு. சுற்றுச்சூழலுக்கு ஒரு குழு. உடல்நலத்துக்கு ஒரு குழு. அவர்கள் செய்தி சேகரிப்பார்கள். நேரில் போய்ப் பார்ப்பார்கள். எழுதி வைப்பார்கள். பிறகு உரிய அதிகாரியிடம் ஊர் சார்பில் பேசுவார்கள்.

ஒரு பாட்டியும் ஓர் ஓடையும்

இது எப்படி நடக்கும்? புரிந்து கொள்வதற்காக ஒரு கதை வைத்துக்கொள்வோம்.

கிரீன் வேலியில் ஒரு பாட்டி தனியாக வாழ்கிறார். அவர் வீட்டுப் பகுதிக்கு வரும் சாலையை ஓர் ஓடை குறுக்கே கடக்கிறது. அந்த ஓடையில் ஆண்டு முழுவதும் மணல்தான். ஆனால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய அங்கே மழைக்காலம். அந்த மழையையும் பருவமழை என்றுதான் சொல்கிறார்கள். மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையில் பாய்ந்து வரும். காரையே இழுத்துச் செல்லும். தடுப்பு வைத்த பிறகும் ஒருவர் வெள்ளத்தில் வண்டியை விட்டுச் சிக்கிக் கொண்டால், அவரை மீட்ட செலவை அவரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் உண்டு. அவ்வளவு ஆபத்து.

ஒரு மாலை மழை கொட்டியது. பாட்டிக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஓடையின் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. தண்ணீர் வடியும்வரை காத்திருந்து வந்தார்கள். பாட்டி பிழைத்துக் கொண்டார். ஆனால் அடுத்த மழையில் என்ன ஆகும்?

பாட்டி தன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். சங்கச் செயலர் சொன்னார்: "ஓடையில் ஒரு பகுதிதான் நம் எல்லை. மேலே இருப்பது பக்கத்துச் சங்கத்தின் இடம். சாலையோ கவுண்டியின் சாலை. நாம் மட்டும் என்ன செய்ய முடியும்?"

அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. கடிதத்தைப் பேரவைக்கு அனுப்பினார். ஓடைகளைப் பார்க்கும் குழு வந்து பார்த்தது. ஓடையில் புதர் மண்டியிருந்தது. சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயை மண் அடைத்திருந்தது. பக்கத்துச் சங்கத்தையும் அழைத்துப் பேசினார்கள். அவர்களுக்கும் அதே தொல்லை. எந்தத் தேதியில் எவ்வளவு நேரம் சாலை மூடிக் கிடந்தது என்று பட்டியல் எழுதினார்கள். படம் எடுத்தார்கள். பீமா கவுண்டியில் வெள்ளத் தடுப்புக்குத் தனி அமைப்பு உண்டு. அங்கே விண்ணப்பம் கொடுத்தார்கள். மன்றக் கூட்டத்திலும் எழுந்து பேசினார்கள்.

மன்றம் உடனே பணம் ஒதுக்கிவிடும் என்று சொல்ல முடியாது. "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றுகூடச் சொல்லலாம். அப்போது பேரவை அடுத்த ஆண்டும் அதே பட்டியலோடு போய் நிற்கும். பட்டியலில் இன்னும் சில தேதிகள் கூடியிருக்கும். பேரவையின் வேலை இதுதான்.

அதிகாரம் இல்லை, ஆனாலும் கேட்கிறார்கள்

அதிகாரம் இல்லாதவர் பேச்சை அதிகாரி ஏன் கேட்க வேண்டும்? மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், ஒற்றுமை. ஒரு வீடு கேட்டால் அது ஒருவரின் குறை. பல சங்கங்கள் சேர்ந்து கேட்டால் அது ஊரின் குறை. ஊருக்கு ஓட்டும் இருக்கிறது. மன்ற உறுப்பினர்களுக்கு அது தெரியும்.

இரண்டாவது காரணம், உண்மைத் தகவல். அதிகாரி 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார். எந்தத் தெருவில் எந்தக் குழி என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். சரியான தகவல் தருபவரை அதிகாரி தேடி வருவார். தவறான தகவலை ஒரு முறை தந்துவிட்டால் மறுமுறை நம்பமாட்டார்.

மூன்றாவது காரணம், எழுத்து. பேரவை தன் கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கிறது. இன்று தொண்டு செய்பவர் நாளை இருக்கமாட்டார். முதியோர் ஊரில் இது இன்னும் உண்மை. ஆனால் எழுதியது இருக்கும். புதிதாக வருபவர் அதைப் படித்துத் தொடரலாம்.

எழுத்துக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. ஒரு நிலத்தில் வீடு கட்டலாமா, கடை கட்டலாமா என்பதைக் கவுண்டி முடிவு செய்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் முதலில் ஒரு குழு மக்கள் கருத்தைக் கேட்கும். பிறகு மன்றம் முடிவு செய்யும். சுற்றியுள்ள நிலத்துக்காரர்களில் போதிய பேர் எழுத்து மூலம் எதிர்ப்புக் கொடுத்துவிட்டால், சாதாரணப் பெரும்பான்மை போதாது. கூடுதல் பெரும்பான்மை வேண்டும். வாயால் சொன்ன எதிர்ப்புக்கு இந்தப் பலம் இல்லை. கையெழுத்திட்ட தாளுக்கு இருக்கிறது.

குறைகளும் உண்டு

இந்த ஏற்பாட்டில் எல்லாம் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது.

சங்கத்தில் உறுப்பினர் யார்? வீட்டின் சொந்தக்காரர். வாடகைக்குக் குடியிருப்பவர் உறுப்பினர் அல்ல. அவருக்கும் அதே சாலை, அதே தண்ணீர். ஆனால் பேரவையில் அவருக்காகப் பேசும் பிரதிநிதி யார்?

பேரவையில் சேருவது சங்கத்தின் விருப்பம். சேராத சங்கத்துக்கு நேராக ஒரு குரல் இல்லை. சங்கமே இல்லாத பகுதிக்கும் அப்படித்தான்.

ஓய்வு நேரமும் பேச்சுத் திறமையும் உள்ளவர்கள்தான் குழுக்களில் முன்னால் வருவார்கள். நோயாளிகளும் கூச்சமுள்ளவர்களும் பின்னால் தங்கிவிடுவார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்காவிட்டால், ஊரின் குரல் சிலரின் குரலாகச் சுருங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று. மன்ற உறுப்பினர் தவறு செய்தால் ஓட்டுப் போட்டு மாற்றலாம். பேரவையை ஊர் மக்கள் எல்லோரும் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே பேரவை "நாங்கள்தான் ஊர்" என்று சொல்லும்போதெல்லாம், ஊரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறதா என்று மக்கள் பார்க்க வேண்டும்.

நம் கையில் இருப்பது

நம் நாட்டில் நிலைமை வேறு. 1993-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கிராம சபைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். சொந்த வீடு இருக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் உறுப்பினர். கூலி வேலை செய்பவரும் உறுப்பினர். சந்தா கிடையாது.

கிரீன் வேலி மக்கள் சட்டம் தராத ஓர் அவையைத் தாங்களே உண்டாக்கினார்கள். சம்பளம் இல்லாமல் அதை நடத்துகிறார்கள். நம் நாட்டில் சட்டமே ஓர் அவையைத் தந்திருக்கிறது. ஆனால் கூட்டம் நடக்கும் நாளில் எத்தனை பேர் போகிறார்கள்? போனவர்களில் எத்தனை பேர் தீர்மானத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்?

முன்பு கைநாட்டு வைத்தவர்கள் இன்று கையெழுத்துப் போடுகிறார்கள். அது பெரிய காரியம். அதற்கு அடுத்த படியும் உண்டு. கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது. அதற்கும் அடுத்த படி, எழுத வேண்டியதைத் தாமே எழுதுவது. எண்பது வயதுப் பாட்டியின் ஒரு கடிதத்தில் தொடங்கிய வேலை ஓர் ஊரையே எழுப்பும் என்பதைக் கதையில் பார்த்தோம். அந்தக் கடிதத்தை எழுதும் திறமை இன்று உங்கள் கையிலும் இருக்கிறது.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் குடிநீர், சாலை, மின்சாரம் ஆகியவற்றுக்கு எந்த எந்த அலுவலகம் பொறுப்பு? பட்டியல் எழுதுங்கள்.

2. கிரீன் வேலியில் வாடகை வீட்டில் இருப்பவர் தன் குறையை எப்படித் தெரிவிக்கலாம்?

3. உங்கள் ஊரில் சென்ற கிராம சபைக் கூட்டம் எப்போது நடந்தது? அதில் என்ன தீர்மானம் போட்டார்கள்? கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

4. உங்கள் தெருவின் ஒரு குறையைப் பற்றி ஐந்து வரியில் விண்ணப்பம் எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.